எல்லாக் கேள்விக்கும் ஆமாம்

தணிகைவேலுக்கு வேலை தெரியாது என்பதை பிரின்சி வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்திலேயே கண்டுகொண்டாள். தெரியாததைத் தெரிந்ததுபோல் பேசுவதில்தான் அவன் மன்னன். கண்டுகொண்டு என்ன செய்ய? கும்மிடிப்பூண்டி சிப்காட்டில், இரும்புக் கம்பி உருட்டும் அந்த ஆலையின் கம்ப்யூட்டர் அறைக்கு அவன்தான் தலைவன், அவள் அவனுக்குக் கீழே வேலை பார்க்கிறவள். ஏசி அறை, சுழல் நாற்காலி, கழுத்தில் நீலப் பட்டையில் அடையாள அட்டை. இவ்வளவும் இருக்கிறவனுக்கு மூளை எதற்கு?

அவன் ஆலைக்குச் செய்த மாபெரும் சேவை 'விழிப்பு' என்ற ஆப். ஷிஃப்ட் முடிந்து இறங்கும் கிரேன் ஆபரேட்டர், அடுத்த ஷிஃப்ட்காரனிடம் கிரேனை ஒப்படைக்கும் முன் அதைச் சுற்றிப் பார்த்து, கம்பெனி கொடுத்த போனில் கேள்விகளுக்குப் பதில் சொல்ல வேண்டும். பிரேக் பிடிக்கிறதா? கம்பிவடம் பிரியாமல் இருக்கிறதா? கொக்கியின் வாயை மூடும் லாக்கு சரியாக இருக்கிறதா? ஒவ்வொரு கேள்விக்கும் பக்கத்தில் ஒரு சுவிட்ச். வலப்பக்கம் தள்ளினால் பச்சை, ஆமாம். இடப்பக்கம் தள்ளினால் சிவப்பு, இல்லை. ஒரே ஒரு 'இல்லை' விழுந்தாலும் மெயின்டனன்ஸ் ஆட்கள் வந்து சரிபார்க்கும்வரை கிரேனை யாரும் தொடக் கூடாது. பதிலெல்லாம் சொல்லி முடித்த பிறகு கிரேனை ஒரு படம் எடுத்து அனுப்பிவிட வேண்டும்.

இதில் தணிகைவேல் பீற்றிக்கொண்டது கேள்விகளை அல்ல, அவை திரைக்கு வந்து சேரும் விதத்தை. எந்தக் கேள்வியும் ஆப்புக்குள் முன்கூட்டியே எழுதப்பட்டதில்லை. சர்வரில் ஒரு கேள்வியைப் போட்டால் போதும். ஆப் ஓடிக்கொண்டிருக்கும்போதே அதற்கென்று ஒரு வரியையும் ஒரு சுவிட்சையும் தானே உண்டாக்கி, இருப்பதற்குக் கீழே சேர்த்துக்கொள்ளும். புதிய ஆப் வேண்டாம், போன்களைத் திரும்ப வாங்க வேண்டாம். "எல்லாம் டைனமிக் சார், ரன் டைம்ல சேருது" என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொன்னான். தோட்டக்காரரிடம்கூடச் சொன்னான். பாவம், அவர் தண்ணீர்க் குழாயைப் பிடித்துக்கொண்டு தலையாட்டினார்.

ஊரில் எவனும் செய்யாததை அவன் செய்துவிடவில்லை. இணையத்தில் யாரோ எழுதிவைத்திருந்ததை எடுத்து ஒட்டியிருந்தான். ஒட்டினதையாவது படித்துப் பார்த்து ஒட்டினானா என்பது பிரின்சிக்கு நெடுநாள் சந்தேகம். பேரு பெத்த பேரு, தாக நீலு லேது, பேர் என்னவோ பெரிய பேர், குடிக்கத் தண்ணீர் இல்லை என்று எல்லைக்கு அந்தப் பக்கத்துக்காரர்கள் சும்மாவா சொன்னார்கள்!

பிரின்சியின் ஏளனத்தில் தணிகைவேலுக்குப் பாதிதான். மீதிப் பாதியை அவள் தன் புருஷனுக்கு ஒதுக்கி வைத்திருந்தாள்.

சாம்சன் அதே ஆலையில் கான்ட்ராக்ட் கிரேன் ஆபரேட்டர். நல்லவன்தான். குடிப்பதில்லை, கை நீட்டுவதில்லை, ஞாயிற்றுக்கிழமை தவறாமல் சர்ச்சுக்கு வருவான். ஆனால் எதைக் கேட்டாலும் 'ஆமா' என்பான். கேள்வி முடிவதற்குள் 'ஆமா' வந்துவிடும். பால் வாங்கினாயா? ஆமா. கேஸை மூடினாயா? ஆமா. போய்ப் பார்த்தால் பாலும் இருக்காது, கேஸும் மூடியிருக்காது. ஆலைக்குப் பக்கத்து ஊரான ஆரணியில் அவர்கள் குடியிருந்த தெருவில், சாம்சன் 'ஆமா' என்று சொன்னால் எதற்கும் ஒருமுறை எழுந்துபோய்ப் பார்த்துக்கொள் என்பது சின்னப் பிள்ளைகளுக்குக்கூடத் தெரியும்.

ஆகவே அன்று காலை ஆலை கேட்டுக்கு எதிரே டீக்கடையில் அவன் நின்ற கோலத்தைப் பார்த்ததுமே, எதற்கோ 'ஆமா' சொல்லி மாட்டிக்கொண்டிருக்கிறான் என்று பிரின்சி முடிவுகட்டினாள். விடியற்காலை ஷிஃப்டுக்குப் போனவன் வெளியே நிற்கிறான். கையில் நாஷ்டா பொட்டலம், பிரிக்காமல் அப்படியே இருந்தது.

"இன்னாய்யா இங்க நின்னுக்கினு இருக்க?"

"கேட்ல உள்ள உடல பிரின்சி. பாஸ புடுங்கிக்கினாங்க."

விஷயம் இதுதான். முந்தின நாள் மதியம் சாம்சன் ஷிஃப்ட் முடித்து, கிரேனைச் சோதித்து, ஆப்பில் பதில் போட்டுவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டான். அடுத்த ஷிஃப்டில் வந்த ராபின், எல்லாம் பச்சையாக இருப்பதைப் பார்த்துவிட்டுக் கிரேனை எடுத்திருக்கிறான். கம்பிக்கட்டு பாதி உயரம் போனபோது கொக்கியிலிருந்து வழுக்கி, கீழே நின்ற லாரியின் கேபின்மீது விழுந்தது. கேபின் அப்பளமாகிவிட்டது. டிரைவர் டீ குடிக்க இறங்கிப் போயிருந்ததால் அவருக்கு உயிர் இருக்கிறது. இறக்கிப் பார்த்தால் கொக்கியில் லாக்கு ஒடிந்து தொங்குகிறது. சாம்சனின் பதிலிலோ 'லாக்கு சரியாக இருக்கிறது: ஆமாம்'. பொய்ச் சோதனை செய்தான் என்று மெமோ. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு விசாரணை. நிரூபணமானால் வேலை போகும், அதோடு நிற்காது. இந்தப் பேட்டையில் ஒரு ஆலையில் பொய்ச் சோதனை என்று வெளியே அனுப்பப்பட்ட ஆபரேட்டரை இன்னொரு ஆலை கிரேனில் ஏற்றாது.

"லாக்கு ஒடைஞ்சிருந்துது. பாத்தேன். 'இல்ல'ன்னுதான் போட்டேன். சத்தியமா போட்டேன் பிரின்சி."

"போன வாரம் மோட்டார நிறுத்திட்டியான்னு கேட்டனே, அதுக்கு இன்னா சொன்ன?"

சாம்சன் குனிந்து செருப்பைப் பார்த்தான்.

"சொல்லுய்யா. இன்னா சொன்ன?"

"ஆமான்னு."

"டேங்க் ரொம்பி வழிஞ்சு பக்கத்து ஊட்டுக்குள்ள தண்ணி பூந்துச்சா இல்லியா? அப்பவும் இப்டிதான் மூஞ்ச வச்சிக்கினு நின்ன."

"அது ஊடும்மே. இது கிரேனு. கீழ ஆளு நிக்கிறான்."

"உங்கிட்ட பேஜாரா பூட்ச்சி. கண்ண மூடிக்கினு எல்லாத்துக்கும் ஆமான்னு தள்ளிட்டு வந்துட்டு இப்ப சத்தியம் பண்ற. அந்த டிரைவர் செத்திருந்தா இன்னா பண்ணியிருப்ப?"

டீக்கடைக்காரர் கிளாசைக் கழுவுகிற சாக்கில் காதைத் தீட்டிக்கொண்டிருந்தார். சாம்சன் பொட்டலத்தை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினான். "நீயே இப்டி சொன்னா நா யாராண்ட போயி சொல்றது" என்றான். பிரின்சி கேட்டில் அட்டையைத் தேய்த்துவிட்டு உள்ளே போனாள்.

உள்ளே தணிகைவேல் கல்யாண வீட்டுக்காரன் மாதிரி இருந்தான். ஆப் வந்த பிறகு முதல்முறையாக அதற்கு ஒரு வேலை வந்திருக்கிறதே!

"உங்க வீட்டுக்காரர்னு தெரியும் பிரின்சி. வருத்தமாத்தான் இருக்கு. ஆனா ஆப் பொய் சொல்லாது, மனுஷன்தான் சொல்வான். மதியம் மீட்டிங்ல அவரோட ரெக்கார்ட டிவில நீங்கதான் போட்டுக் காட்டணும். பர்சனலா எடுத்துக்காதீங்க."

பர்சனலா எடுத்துக்கொள்ளக் கூடாதாம். மனைவியின் கையாலேயே புருஷன் கழுத்தில் கயிறு மாட்டச் சொல்கிறோமே என்ற கூச்சம்கூட அந்த முகத்தில் இல்லை. ஊருக்கு இளைத்தவன் பிள்ளையார் கோயில் ஆண்டி. லாக்கு ஒடிந்தது ஏன், புதுசு வாங்கிப் போடாதது யார் என்று ஒருவரும் கேட்கவில்லை. கான்ட்ராக்ட்காரன் ஒருவன் கிடைத்துவிட்டான், போதும்.

அவள் பதிவைத் திறந்தாள். சாம்சன் அனுப்பியதில் மேலிருந்து கீழ்வரை பச்சை. சும்மா பழையவற்றையும் தள்ளிப் பார்த்தாள். எல்லா ஆபரேட்டரும், எல்லா ஷிஃப்டும், ஆப் வந்த நாளிலிருந்து பச்சை. தேடிப் பார்த்தாள். ஒரு 'இல்லை'கூட ஆலையில் எவனும் போட்டதில்லை. கழிப்பறையில் ஒரு தாழ்ப்பாள் உருப்படியாக இல்லாத ஆலையில், கிரேனில் மட்டும் ஒரு நாளும் ஒரு குறையும் வந்ததில்லையாம்! காரணம் அவளுக்குத் தெரியாததல்ல. 'இல்லை' என்று போட்டால் கிரேன் நிற்கும். கிரேன் நின்றால் உற்பத்தி நிற்கும். உற்பத்தி நின்றால் சூப்பர்வைசர் வந்து அம்மா ஆத்தாளை இழுப்பான். எதற்கு வம்பு என்று எல்லாருமே பச்சையில் தள்ளிவிட்டுப் போகிறவர்கள். இந்தக் கூட்டத்தில் தன் புருஷன் மட்டும் அரிச்சந்திரனா?

அவன் வாயை அடைத்துவிடலாம் என்றுதான் சோதனைக்கு வைத்திருக்கும் போனை எடுத்தாள். லாக்குக்கு 'இல்லை'. மற்றதற்கெல்லாம் 'ஆமாம்'. கடைசிக் கேள்வி, 'மேலே சொன்னதெல்லாம் உண்மை'. அதற்கும் 'ஆமாம்'. மேசையை ஒரு படம் எடுத்து அனுப்பினாள். சர்வரில் லாக்கு சிவப்பாக, ஒழுங்காக வந்து உட்கார்ந்தது. பார்த்தாயா! 'இல்லை' என்று போட்டால் 'இல்லை' என்றுதான் வருகிறது. நெஞ்சில் ஓர் அற்ப சந்தோஷம்கூட எட்டிப் பார்த்தது அவளுக்கு.

போனைக் கீழே வைக்கப் போனவளின் கண் சாம்சன் எடுத்த படத்தில் விழுந்தது. அகலவாக்கில் இருந்தது. மற்ற ஆபரேட்டர்கள் எடுத்ததெல்லாம் நீளவாக்கில். போனைச் சாய்த்துப் பிடித்து அகலமாகத்தான் எடுக்க வேண்டும், அப்போதுதான் ரிப்போர்ட்டில் அழகாக இருக்கும் என்று தணிகைவேல் ஒரு சர்க்குலர் விட்டிருந்தான். அதை ஆலையில் எவனும் மதிக்கவில்லை. எதைச் சொன்னாலும் ஆமாம் போடுகிற ஒருவன் மட்டும் மதித்திருக்கிறான்.

மறுபடி முதலிலிருந்து போட்டாள். லாக்குக்கு 'இல்லை', மற்றதற்கு 'ஆமாம்'. படம் எடுக்கும்போது போனைச் சாய்த்தாள். திரும்பி வந்ததும் திரை ஒருமுறை கண் சிமிட்டியது. கண்ணுக்கு எதிரே கடைசிக் கேள்வியும் 'அனுப்பு' பட்டனும்தான். அவள் அனுப்பவில்லை. விரலால் மெதுவாக மேலே தள்ளினாள்.

லாக்கு பச்சையாக இருந்தது.

இன்னொரு முறை, எல்லாவற்றுக்கும் 'இல்லை' போட்டு, கடைசிக்கு மட்டும் 'ஆமாம்' போட்டு, சாய்த்தாள். எல்லாம் பச்சை. நிரலைத் திறந்து பார்த்தபோது, அவளுக்குச் சிரிப்பதா செருப்பைக் கழற்றுவதா என்று தெரியவில்லை. ஓடும்போது உண்டாக்கிச் சேர்க்கிற ஒவ்வொரு சுவிட்சுக்கும் தனித்தனி அடையாள எண் கொடுக்க வேண்டும். மகாராசன் எல்லாவற்றுக்கும் ஒரே எண்ணைக் கொடுத்திருந்தான். போனைச் சாய்த்தால் ஆப் பழைய திரையைக் கலைத்துவிட்டுப் புதிதாகக் கட்டும்; கலைக்கும் முன் ஒவ்வொரு சுவிட்சின் பதிலையும் அதன் எண்ணில் குறித்து வைக்கும். எண் ஒன்றே ஒன்றென்றால் ஒன்றின்மேல் ஒன்று அழிந்து கடைசிப் பதில்தான் மிஞ்சும். திரும்பக் கட்டும்போது எல்லா சுவிட்சும் அதையே தன் பதில் என்று எடுத்துக்கொள்ளும். மேலே சொன்னதெல்லாம் உண்மை என்று ஒருவன் உறுதி சொன்ன அந்த ஆமாம்தான் ஏறிப்போய், மேலே சொன்னதையெல்லாம் பொய்யாக்கியிருக்கிறது.

இது இத்தனை நாள் யார் கண்ணிலும் படாததற்கும் காரணம் புரிந்தது. எல்லாமே 'ஆமாம்' என்றால் எது எதன்மேல் ஏறினாலும் ஒன்றுதான். இந்தக் கோளாறு அகப்பட ஒருவன் உண்மை சொல்ல வேண்டியிருந்தது. சொன்னவன் வெளியே டீக்கடையில் பொட்டலத்தோடு நிற்கிறான். பிரின்சிக்கு முகமெல்லாம் சுட்டது. அந்தச் சூட்டை என்ன செய்வதென்று தெரியாமல் அதைத் தணிகைவேலின் பக்கம் திருப்பிக்கொண்டாள். அது சுலபமாக இருந்தது.

விசாரணை அறையில் ஆலை மேலாளர் ஆதிநாராயணன் நடுவில் இருந்தார். எந்தக் காகிதத்திலும் கையெழுத்துப் போடும் முன், வேறு யாராவது போட்டிருக்கிறார்களா என்று பார்த்துக்கொள்கிற மனிதர். பக்கத்தில் தணிகைவேல். எதிரே நாற்காலியின் நுனியில் சாம்சன், இரண்டு கையையும் முழங்காலுக்கு நடுவில் வைத்துக்கொண்டு. பிரின்சி உள்ளே வந்தபோது அவன் நிமிர்ந்து பார்த்துவிட்டுக் குனிந்துகொண்டான்.

"ஏம்மா, அந்த ரெக்கார்ட டிவில போடு" என்றார் மேலாளர்.

"போடுறேன் சார். அதுக்கு முன்னாடி நீங்க இந்த போன்ல ஒருவாட்டி பதில் சொல்லுங்க. எல்லாத்துக்கும் 'இல்ல'ன்னு போடுங்க."

"எதுக்கு டைம் வேஸ்ட் பண்றீங்க?" என்றான் தணிகைவேல்.

"உங்க ஆப்ப சார் ஒருவாட்டியாவது தொட்டுப் பாக்கட்டுமே சார்."

இதற்கு அவனால் மாட்டேன் என்று சொல்ல முடியவில்லை. மேலாளர் மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு ஒவ்வொன்றாகத் தள்ளினார். எல்லாம் சிவப்பு. கடைசியில் நிறுத்தினார். "மேலே சொன்னதெல்லாம் உண்மைன்னு கேக்குது. இதுக்குமா இல்லன்றது?"

"அதுக்கு மட்டும் ஆமான்னு போடுங்க சார். இப்ப படம். சர்க்குலர்ல சொன்ன மாதிரி, போனச் சாய்ச்சு அகலமா."

எடுக்க வேறு எதுவும் இல்லாததால் அவர் தணிகைவேலையே எடுத்தார். அவன் வழக்கம்போலச் சிரித்துவைத்தான்.

"இப்ப மேல தள்ளிப் பாருங்க சார்."

மேலாளர் தள்ளினார். இன்னும் தள்ளினார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுப் பார்த்தார். "நான் இல்லன்னுல்ல போட்டேன்? எல்லாம் ஆமாம்னு இருக்கு?"

"அவரும் அதத்தான் சார் காலைலேர்ந்து சொல்லிக்கினு இருக்காரு."

தணிகைவேலின் சிரிப்பு எங்கே போய் உட்காருவது என்று தெரியாமல் முகத்திலேயே சுற்றியது. "அது போன்ல இருக்கற கோளாறு சார். போன் கம்பெனிக்காரன் பண்றது" என்றான். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்.

"போன் நல்லாத்தான் சார் இருக்குது" என்றாள் பிரின்சி. "ஸ்டேஷன்ல வண்டி ஸ்டாண்டு இருக்குதில்ல? அங்க எல்லா வண்டிக்கும் ஒரே நம்பர் டோக்கன குடுத்தா இன்னா ஆவும்? யார் வந்து கேட்டாலும் கடைசியா நின்ன வண்டியத்தான் தள்ளிக்கினு வந்து குடுப்பான். இவரு எல்லாக் கேள்விக்கும் ஒரே டோக்கன் குடுத்திருக்காரு. ஒரு வரி மாத்துனா சரியாப் பூடும். அந்த ஒரு வரிக்குத்தான் ஒருத்தர் லாரியில சாவப் பாத்தாரு, இன்னொருத்தரு பொய்யன்னு பேரு வாங்கிக்கினு இங்க குந்தினு இருக்காரு."

சாம்சன் அப்போதுதான் வாயைத் திறந்தான். "அப்ப நா போட்டது 'இல்ல'தானே சார்?"

மேலாளர் யோசித்துக்கொண்டிருந்தார். அவர் யோசித்தது சாம்சனைப் பற்றியும் இல்லை, லாரி டிரைவரைப் பற்றியும் இல்லை. "அடுத்த மாசம் ஆடிட் வருது" என்றார். "இது இந்த ரூமோட இருக்கட்டும்."

மெமோவைத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள், பாஸைக் கொடுத்தார்கள். சாம்சன் மீது தவறில்லை என்று எழுதி, கீழேயே யார் மீதும் தவறில்லை என்றும் எழுதினார்கள். கூலிக்காரன்மேல் இருக்கும்வரைதான் தவறுக்குப் பெயர், முகவரி எல்லாம் உண்டு. அதைத் தாண்டிவிட்டால் அது அநாதை.

சரி, ஆப்பை என்ன செய்வது? அந்த ஒரு வரியை இப்போதே மாற்றிவிடலாம் என்றாள் பிரின்சி. தணிகைவேலுக்குள் மறுபடி உயிர் வந்தது. புது ஆப் என்றால் அனுமதி வாங்க வேண்டும், எல்லாப் போனையும் திரும்ப வாங்கி ஏற்ற வேண்டும், ஆடிட் நேரத்தில் அது ஆகாது என்று விரல்விட்டுச் சொன்னான். "அதுவரைக்கும் டைனமிக்கா ஒண்ணு பண்ணிடலாம் சார்." மேலாளருக்கு அந்த யோசனை பிடித்துவிட்டது.

சாயங்காலம் ஆலையிலிருந்த எல்லாப் போன்களிலும் பட்டியலின் அடியில் புதிதாக ஒரு கேள்வி வந்து ஒட்டிக்கொண்டது. 'படம் எடுக்கும்போது போனைச் சாய்க்க மாட்டேன்.' அதற்கும் எல்லாரும் 'ஆமாம்' என்றுதான் தள்ளப்போகிறார்கள். தள்ளிவிட்டு எவனாவது சாய்த்தால், அந்த ஆமாம்தான் ஏறிப்போய் மற்றதையெல்லாம் பச்சையாக்கும். படம் அகலமாக இருக்க வேண்டும் என்ற பழைய சர்க்குலரையும் யாரும் எடுக்கவில்லை. இரண்டும் அறிவிப்புப் பலகையில் பக்கத்துப் பக்கத்தில் தொங்கின. மேலாளர் தணிகைவேலின் தோளைத் தட்டிக்கொடுத்துவிட்டுப் போனதை பிரின்சி கண்ணாடிச் சுவர் வழியாகப் பார்த்தாள். காறித் துப்ப அந்த அறையில் இடம் இல்லை. அந்த ஒரு வரியை மாற்றி எழுதி அனுமதிக்கு அனுப்பிவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

சாம்சன் வண்டியைத் துடைத்து வைத்துக்கொண்டு கேட்டில் காத்திருந்தான். ஹைவேயை விட்டு ஆரணிப் பக்கம் திரும்பி, லாரிச் சத்தம் அடங்கியதும் அவன் முகத்தைப் பாதி திருப்பிச் சொன்னான்.

"பசங்களாண்ட சொல்லிட்டேன். படம் எடுத்தப்புறம் மேல தள்ளி ஒருவாட்டி பாத்துட்டு அனுப்புங்கடான்னு. 'இல்ல'ன்னு போடவும் பயப்படாதீங்கன்னு சொன்னேன்."

"ம்."

"உள்ள நீ பேசனப்ப எனக்கு அழுவையே வந்துடுச்சி." கொஞ்ச தூரம் போனான். "காலைல கத்துனதெல்லாம் கோவத்துலதானே? டிரைவரு செத்திருப்பாரேன்ற கோவம். மத்தபடி நா பொய் சொல்லலன்னு உனக்குத் தெரியும்தானே? மனசுக்குள்ள நம்பிக்கினுதானே இருந்த?"

அவன் கேட்டு முடிப்பதற்குள், "ஆமா" என்றாள் பிரின்சி.

சாம்சன் எழுந்துபோய்ப் பார்க்கிற ஆள் இல்லை. அந்த ஆமாவை அப்படியே எடுத்துக்கொண்டு, மனசு நிறைந்து வண்டியை ஓட்டினான். பின்னால் உட்கார்ந்திருந்தவள் வீடு வரும்வரை அவன் முதுகைப் பார்க்காமல் ரோட்டோரத்தையே பார்த்துக்கொண்டு வந்தாள்.